ஆறு மில்லி

டெஸ் கில்ஃபாயில் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். அறுபத்தொன்பது வயதுக்கு மேல் அந்த முயலுக்கு நாலாவது கால் முளைக்கும் என்று ஊரில் ஒருவரும் நம்பவில்லை. அவருடைய மகள் பிரைடிகூட நம்பினாள் என்று சொல்ல முடியாது. ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அப்பனும் மகளும் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. மனைவி மவ்ரீன் இறந்த அடுத்த மாதம், டெஸ் மகளுடைய கிழக் குதிரையைக் கசாப்பு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அதற்குக் கால் நொண்டி, குளிர்காலம் வருகிறது, எப்படியும் வசந்தத்தைப் பார்க்காது. அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காரில் கேரட் மூட்டையோடு வந்தவள், காலியாகக் கிடந்த மேய்ச்சல் நிலத்தைப் பார்த்துவிட்டு அன்று மாலையே திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் அட்டைகூட இல்லை. கேட்பவர்களிடம் டெஸ், "நான் செஞ்சது சரிதான்" என்பார். சரி செய்த மனுஷன் தனியாக உட்கார்ந்து டின் சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

போன அக்டோபர் கடைசியில்தான் அவள் கார் மறுபடி அந்த மேட்டில் ஏறி வந்தது. பின் இருக்கையில் ஹேசல். நீள மூக்கும் பழுப்பு முடியும், மப்ளர் சுற்றியதுபோல் வெள்ளைக் கழுத்தும் கொண்ட கோலி ஜாதிப் பெண் நாய். நாலு காலிலும் காலுறை மாட்டியதுபோல் வெள்ளை. பிரைடிக்குத் தென்துருவத்தில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் சமையல் வேலை கிடைத்திருந்தது, ஐந்து மாதத்துக்கு. அங்கே நாய்க்கு அனுமதி இல்லை. பார்த்துக்கொள்கிறேன் என்றிருந்த தோழி கடைசி வாரம் காலை உடைத்துக்கொண்டாள். வேறு வழி இல்லாமல்தான் வந்தாள் என்று டெஸ்ஸுக்குத் தெரியும். வேறு வழி இல்லாதபோதாவது தன் வாசல் நினைவுக்கு வந்ததே என்று அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அதை முகத்தில் காட்டாமல் இருக்க முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்டை மூடப் போனார்.

புறப்படும்போது அவள் காருக்குள் உட்கார்ந்தபடி சொன்னாள். "அப்பா, ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். அவளுக்கு என்ன ஆனாலும் என்னைக் கேக்காம நீயா எதுவும் செய்யாத."

"சரிம்மா."

"சும்மா சொல்லாத."

"சரின்னு சொல்றேன்ல."

ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை பதினொரு மணிக்கு அவள் கூப்பிட்டாள். முதல் வாரம் இரண்டு நிமிஷம். அதில் ஒன்றரை நிமிஷம் டெஸ் தொலைபேசியை நாயின் காதில் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வாரம் பத்து நிமிஷம். நாலாம் வாரம் அவர் சாப்பிட்டாரா என்று கேட்டாள். அன்றைக்கு டெஸ் டவுனுக்குப் போய் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வாங்கி வந்து அடுப்பில் வைத்து, முறையாகத் தட்டில் போட்டுச் சாப்பிட்டார். அடுத்த ஞாயிறு கேட்டால் சொல்ல வேண்டுமே.

பக்கத்துப் பண்ணை மோரி ஸ்டப்ஸ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நாயைப் பார்த்துச் சிரித்தான். இது நாயா, இல்லை ஆட்டுக்கு விக் வைத்ததா என்றான். நாற்பது வருடமாகக் குட்டை முடி கெல்பி நாய்களைத் தவிர வேறு ஜாதியை வாசல்படி ஏற்றாத டெஸ், இந்த வயதில் ஒரு நாய்க்குச் சீப்புப் போட்டு வாருகிறாரே என்று மதுக்கடையில் போய்ச் சொன்னான். சொல்லட்டும் என்று டெஸ் விட்டுவிட்டார். சீப்பை மட்டும் மறைத்து வைத்தார்.

அரிப்பு நவம்பர் கடைசியில் தொடங்கியது.

முதலில் ஹேசல் வயிற்றை நக்கினாள். பிறகு விரல் இடுக்கைக் கடித்தாள். ஒரு வாரத்துக்குள் தொடை இடுக்கும் அக்குளும் தீப்பட்டதுபோல் சிவந்துபோயின. பின்னங்காலால் சொறிந்து சொறிந்து விலா ஓரத்தில் முடி கொட்டியது. சாப்பிடும்போது பாதியில் நிறுத்திச் சொறிவாள். கூப்பிட்டால் வரும் வழியில் உட்கார்ந்து சொறிவாள். ஞாயிற்றுக்கிழமை பிரைடியின் குரல் காதில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொறிந்தாள். கழுத்துப்பட்டை கலகலத்தது. என்ன சத்தம் என்று கேட்டாள் மகள். ஈ தொல்லை என்றார் டெஸ்.

அந்தப் பொய்யை அவர் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. ஒரு நாயைக்கூடப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று அவள் நினைத்துவிடுவாளோ என்ற பயம்தான். அடுத்த ஞாயிறுக்குள் சரியாகிவிடும் என்று நினைத்தார். அடுத்த ஞாயிறும் அப்படியே நினைத்தார்.

கைக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் பார்த்தார். உண்ணிப் பொடி தூவினார். கறியை நிறுத்திக் கங்காரு இறைச்சி பிஸ்கெட்டுக்கு மாற்றினார். உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டினார். மளிகைக் கடைக்காரி சொன்னாள் என்று ஓட்ஸை ஊறவைத்து வடிகட்டித் தடவினார். அதில் அரை நாள் தூங்கினாள். மோரி டிராக்டரில் வடித்த கழிவு எண்ணெயை டப்பாவில் கொண்டுவந்து, முழு நாயையும் இதில் முக்கு, எங்க அப்பா காலத்து மருந்து என்றான். அதை மட்டும் டெஸ் வாங்கவில்லை. மனுஷனுக்கு அவ்வளவு புத்தி இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

டிசம்பர் நடுவில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு டவுன் கால்நடை மருத்துவரிடம் போனார். டாக்டர் ஹெலன் வூவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஹேசலை மல்லாத்தி, வயிற்றைத் தடவி, கத்தியால் தோலை மெல்லச் சுரண்டி எடுத்து, பக்கத்து அறையில் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தாள். டெஸ் காத்திருக்கவில்லை, இது சொறிப் பூச்சி என்று தீர்ப்பையே சொல்லிவிட்டார். ஓடைக் கரை முழுக்க வாம்பட்டுகள், குட்டைக் கால் காட்டு விலங்குகள், வளை தோண்டி வாழ்கின்றன. அதில் பாதி சொறி பிடித்து, தோல் பாறையாகி, கண் மூடிப் பகலில் அலைகின்றன. நாய் அந்த வளையில் மூக்கை விட்டிருக்கும், தொற்றிவிட்டது. வேறென்ன இருக்க முடியும்?

டாக்டர் பூச்சி எதுவும் அகப்படவில்லை என்றாள். அகப்படாததால் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது; ஆனால் பூச்சி என்றால் காது ஓரமும் முழங்கையும் முதலில் போகும். இவளுக்கு முடி இல்லாத இடமாகப் பார்த்துச் சிவந்திருக்கிறது, தரையில் படுகிற இடமாக. எங்கே படுக்கிறாள், எந்தச் செடி மேல் படுக்கிறாள் என்று பாருங்கள் என்றாள். அரிப்புக்குப் பத்து நாள் மாத்திரையும், கழுத்தில் மாட்டக் குடை மாதிரி ஒரு வளையமும் கொடுத்தாள். டெஸ் கதவருகே போன பிறகு கூப்பிட்டு நிறுத்தினாள்.

"டெஸ், வீட்ல ஆட்டுக்கு ஊத்துற குடற்புழு மருந்து வச்சிருப்பீங்க. அதை இவளுக்குக் குடுத்துராதீங்க."

"கெல்பிக்கெல்லாம் நான் குடுத்திருக்கேன் டாக்டர். பதினோரு நாய்."

"அது கெல்பி. இது கோலி. இந்த வெள்ளைக் கால் ஜாதியில நிறைய நாய்க்கு அந்த மருந்து மூளைக்குப் போயிரும். வேணாம்."

சரி சரி என்றார் டெஸ். வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது, படித்த பிள்ளைகளுக்கு எதைக் கண்டாலும் பயம் என்று நாயிடம் சொன்னார்.

மாத்திரை கேட்டது. இரண்டே நாளில் சொறிவது பாதி குறைந்தது. பத்து நாளில் சிவப்பு வடிந்து தோல் வெளுத்தது. செடியைப் பார்க்கச் சொன்னாளே, பார்த்தாரா? இல்லை. குணமானதற்கு அப்புறம் என்ன பார்ப்பது? மாத்திரை தீர்ந்த மூன்றாம் நாள் அரிப்பு வட்டியோடு திரும்பி வந்தது. இந்தத் தடவை கழுத்து வளையத்தைக் கம்பத்தில் இடித்து உடைத்துவிட்டு, வயிற்றுத் தோலைக் கடித்துக் கிழித்துக்கொண்டாள். தரையில் படுத்த இடமெல்லாம் நீர் ஊறிய தடம். டெஸ் மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்தார். விடுமுறை, டாக்டர் வெள்ளிக்கிழமைதான் பார்ப்பாள், அவசரம் என்றால் இப்போதே வாருங்கள் என்றார்கள். அவசரமில்லை, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார்.

ஆனால் அவருக்கு அவசரம் இருந்தது. புது வருடத்து முதல் ஞாயிறு, தென்துருவ ஆராய்ச்சி நிலையத்தில் ஆளுக்குக் கால்மணி நேரம் முகம் பார்த்துப் பேச ஏற்பாடு செய்திருந்தார்கள். தபால் நிலையத்து அம்மாள் டெஸ்ஸுக்கு ஒரு பழைய டேப்லெட்டில் எல்லாம் தயார் செய்து கொடுத்துவிட்டாள். பிரைடி குழந்தை மாதிரி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். "அவ மூஞ்சியப் பாக்கணும்ப்பா. உன்னையும்தான்" என்று போன வாரம் சொல்லியிருந்தாள். அந்த 'உன்னையும்தான்' என்பதை டெஸ் நாலு நாளாக நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு அலைந்தார். புண்ணும் சொட்டையுமாக இந்த நாயை எப்படி அவளுக்குக் காட்டுவது?

புதன்கிழமை காலை ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து ஊற்றும் வேலை. மருந்துப் பையை முதுகில் மாட்டி, குழாய்த் துப்பாக்கியைக் கையில் பிடித்து, ஒவ்வொரு ஆடாகத் தாடையைத் தூக்கி, நாக்குக்குப் பின்னால் செருகி ஓர் அழுத்து. நாற்பது வருடப் பழக்கம், தூக்கத்திலும் செய்வார். இருநூற்றுப் பத்தாவது ஆடு பட்டியை விட்டு ஓடியபோது பையின் அடியில் இன்னும் மருந்து இருந்தது. ஹேசல் வேலியோரம் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்தாள். சொறிந்தபடியே அவரைப் பார்த்தாள். நிறுத்தவும் முடியாமல், ஏன் என்றும் தெரியாமல் பார்த்த அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

நாய் இருபத்தைந்து கிலோ இருக்கும். துப்பாக்கியின் திருகை ஆறு மில்லியில் நிறுத்தினார். பதினோரு நாய்க்குக் கொடுத்தது. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் ஒரே வாரத்தில் பளபளவென்று ஆயின. கேட்க வேண்டும் என்ற எண்ணம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் மகளைக் கேட்டால் புண்ணைச் சொல்ல வேண்டும். டாக்டரைக் கேட்டால் அவள் பதில் தெரியும். தெரிந்த பதிலுக்கு எதற்குக் கேள்வி? ஹேசலைக் கூப்பிட்டார். வந்தாள். தாடையைத் தூக்கினார். நம்பித் தூக்கவிட்டாள்.

மத்தியானம் கொட்டிய பிஸ்கெட் அப்படியே இருந்தது. மூன்று மணிக்கு அவள் தண்ணீர்க் கிண்ணத்தை நோக்கி வந்து, கிண்ணத்துக்கு ஒரு சாண் தள்ளி வெறும் தரையை நக்கினாள். டெஸ் முகத்துக்கு எதிரே கையை ஆட்டினார். கண் இமைக்கவில்லை. கண்மணி கறுத்து அகன்று, உள்ளே ஒருவரும் இல்லாத வீட்டு ஜன்னலாக இருந்தது. பின்னங்கால்கள் குடிகாரன் கால்களாகப் பின்னிக்கொண்டன. அப்போதுதான் டெஸ்ஸுக்குத் தான் செய்தது முழுதாக உறைத்தது. அவளைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினார். ஓடக் கூடாத முழங்கால் அவருடையது.

டாக்டர் வூ ஒரே கேள்விதான் கேட்டாள். எவ்வளவு என்று. அவர் சொன்னார். அவள் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள், அப்புறம் வேலையில் இறங்கிவிட்டாள். திட்டியிருக்கலாம் என்று டெஸ் பிறகு பலமுறை நினைத்தார். இதற்கு மாற்று மருந்து கிடையாது, நரம்பில் திரவம் ஏற்றி, மூச்சைப் பார்த்துக்கொண்டு, மருந்து தானாக இறங்கும்வரை உயிரைப் பிடித்து வைக்கலாம், சில நாய்கள் வாரக்கணக்கில் கிடந்து எழுந்ததுண்டு என்று மட்டும் சொன்னாள். அவர் மகளுக்குச் சொல்லிவிட்டாரா என்று கேட்டாள். ஞாயிறு சொல்வேன் என்றார்.

வியாழக்கிழமை ஹேசலுக்கு நினைவில்லை. டெஸ் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தடவிக்கொண்டிருந்தார். மத்தியானம் டாக்டர், நீங்கள் இங்கே இருந்து ஒன்றும் ஆகாது, வீட்டுக்குப் போய் அவள் படுக்கிற இடத்தையாவது பாருங்கள் என்று அனுப்பி வைத்தாள்.

பார்த்தார். கம்பளிக் கொட்டகைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், வெயில் நுழையாத ஈர மூலை. அங்கே பளபளப்பான இலையோடு, மூன்று இதழ் வெள்ளைப் பூப் பூத்துக் கொடி ஒன்று மெத்தை போலப் படர்ந்திருந்தது. யாரும் நடாமல் தானே முளைத்து, பிடுங்கப் பிடுங்கக் கணுவுக்குக் கணு வேர் விடும் சனியன். அதன் நடுவில் ஒரு நாய் சுருண்டு படுக்கும் அளவுக்குக் குழி அமுங்கியிருந்தது. கோடை வெயிலுக்கு ஹேசல் கண்டுபிடித்து வைத்திருந்த குளிர்ச்சியான இடம். நசுங்கிய தண்டுகளிலிருந்து, தோலில் பட்டால் அரிக்கும் சாறு கசிந்திருந்தது. அவர் மண்டியிட்டு ஒரு கை பிடுங்கினார். வாம்பட்டும் இல்லை, பூச்சியும் இல்லை. பார்க்கச் சொன்னபோது பார்த்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

அன்றும் மறுநாளும் அந்தக் கொடியைப் பிடுங்கினார். தள்ளுவண்டியில் பதினேழு நடை. ஒரு கணு மண்ணில் தங்கினாலும் மறுபடி வரும் என்று விரலால் கிளறிப் பொறுக்கினார். எழுந்து வந்தால் அவளுக்குச் சுத்தமான தரை வேண்டும். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு அணை கட்டுகிற வேலை என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் நகம் பெயரும் வரை நிறுத்தவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹேசலின் மூச்சு நின்றது.

கூடவே புதைக்க வந்தது மோரிதான். குழி தோண்டுவதில் பாதி அவன் வேலை. விக் வைத்த ஆடு என்று சிரித்தவன், மண்ணைத் தள்ளுவதற்கு முன் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான். அப்புறம் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினான்.

"பாம்புன்னு சொல்லிரு டெஸ்."

டெஸ் தன் மண்வெட்டியால் மண்ணைத் தள்ளத் தொடங்கினார்.

"கோடை. ஓடைப் பக்கம். புலிப்பாம்பு கடிக்காத நாய் இந்த ஜில்லாவுல எது? என் நாய் ரெண்டு போயிருக்கு. யாரு வந்து தோண்டிப் பாக்கப் போறா? உண்மையச் சொன்னா செத்த நாய் வந்துருமா? பொண்ணு போயிருவா, அதான் மிச்சம்."

டெஸ் பிடிவாதக்காரர்; ஈ தொல்லை என்றதைத் தவிரப் பொய்யர் இல்லை. வாழ்க்கையில் ஆட்டின் வயதைக்கூடக் கூட்டிக் குறைத்துச் சொல்லி விற்றதில்லை. ஆனால் 'பொண்ணு போயிருவா' என்ற சொல் சரியான இடத்தில் போய்க் குத்தியது. அன்று முழுக்க அவர் வேறெதையும் யோசிக்கவில்லை.

ஞாயிறு பதினொரு மணிக்கு டேப்லெட்டில் மகளின் முகம் வந்தது. கன்னம் பனியில் வெடித்திருந்தது. சமையல் தொப்பியைக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். எங்கே அவள், எங்கே என் தங்கம் என்று திரையின் ஓரங்களைத் தேடினாள். டெஸ் சொன்னார். புதன்கிழமை, ஓடையோரம், பாம்பு. டாக்டரிடம் கொண்டுபோனேன், மூன்று நாள் இருந்தாள், முடியவில்லை. மனப்பாடம் செய்த வரிசையில் சொல்லி முடித்தார்.

பிரைடி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஆறு வயதில் அழுததுபோல், தோள் குலுங்க. எட்டித் தொட முடியாத கண்ணாடிக்கு முன் டெஸ் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அழுது முடித்து அவள் நிமிர்ந்தபோது, கோபத்தை எதிர்பார்த்துக் குனிந்தார். கோபம் வரவில்லை.

"நீ தனியா எப்படிப்பா சமாளிச்ச? மூணு நாளும் கூடவே இருந்தியா?"

"இருந்தேன்."

"உன் மேல தப்பு இல்லப்பா. பாம்புக்கு யாரு என்ன பண்ண முடியும்? உன்னப் பாத்தாலே தெரியுது, நீ தூங்கவே இல்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மார்ச்ல கப்பல் வந்ததும் நேரா அங்கதான் வரேன். ரெண்டு வாரம் இருக்கேன். அவள எங்க வச்சிருக்கன்னு காட்டு."

ஆறு வருடமாக அவர் காதில் விழ ஏங்கிய வார்த்தைகள். ஆனால் எல்லாம் திருடிய சோறு.

"அந்த டாக்டர் பேரு என்ன?" என்றாள் பிரைடி. "இன்னைக்கே ஒரு லெட்டர் எழுதறேன். மூணு நாள் பாத்திருக்காங்க, நன்றி சொல்லணும்."

"அதெல்லாம் எதுக்கும்மா."

"சொல்லணும்ப்பா."

"வேணாம். எழுதாத."

சொன்ன வேகத்தில் அவருக்கே தெரிந்துவிட்டது. திரையில் மகளின் முகம் அசையாமல் நின்றது. இணைப்பு உறைந்துவிட்டதோ என்று அவர் நம்பிப் பார்த்தார். பின்னால் யாரோ பாத்திரத்தோடு நடந்து போனார்கள், உறையவில்லை. அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிரை இல்லாத நிலத்தைப் பார்த்த அதே கண்கள்.

"அப்பா. நீயா என்ன செஞ்ச?"

அவர் சொன்னார். இந்தத் தடவை வரிசை எதுவும் இல்லாமல், அரிப்பு, செடி, மருந்து, ஆறு மில்லி என்று எல்லாம் கலைந்து வந்தது.

"யாரையாவது கேட்டியா?"

"டாக்டர் முன்னயே சொல்லியிருந்தாங்க."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"குடுக்காதீங்கன்னு சொன்னாங்க" என்றார் டெஸ்.

அவள் திட்டவில்லை. தலையை இரண்டு முறை மெல்ல ஆட்டினாள், கணக்கு சரிபார்த்து முடித்தவளாக. இன்னும் நாலு நிமிஷம் பாக்கி இருந்தது. தனக்குப் பின்னால் அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் தொலைபேசி அடிக்கவில்லை. மார்ச் பத்தொன்பதாம் தேதி கப்பல் ஹோபார்ட் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்ததாகச் செய்தித்தாளில் போட்டிருந்தது. டெஸ் அன்றும் அடுத்த இரண்டு நாளும் வீட்டை விட்டு நகரவில்லை. ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் இரண்டு பேருக்கு ஆகிற மாதிரி வைத்திருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் தொலைபேசி அடித்தது. ஓடையோரம் வேலி அறுந்து கிடக்கிறது, உன் ஆடுகள் இந்தப் பக்கம் வந்துவிட்டன என்று மோரி சொன்னான்.